மீன்களில் மும்மடியம்

மும்மடியம் என்பது ஓர் உயிரினத்தின் உடல் உயிரணுக்களில் வழக்கமான இரண்டு நிறப்புரித் தொகுதிகளுக்குப் பதிலாக மூன்று தொகுதிகள் அமைந்திருக்கும் நிலை ஆகும். நிறப்புரி என்பது குரோமோசோமைக் குறிக்கும் தமிழ்ச் சொல். இலங்கைப் பாடநூல்களில் இது நிறமூர்த்தம் எனப்படும். மும்மடிய மீன்கள் உண்ணும், நீந்தும், வளரும். ஆனால் பெரும்பாலும் அவற்றால் இனம் பெருக்க இயலாது. இப்பண்பைப் பயன்படுத்திக் கட்டுக்கடங்காமல் பெருகும் மீன்களைக் குளத்தில் அடக்கி வைக்க முடியுமா என்ற கேள்வியே மீன்களில் மும்மடிய ஆய்வுக்கு முதன்மையான தூண்டுதல்களுள் ஒன்றாக இருந்தது. தமிழ்நாட்டில் இக்கேள்வி ஜிலேபி கெண்டையை ஒட்டி எழுந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் 1980களின் இறுதியில் அதற்கு ஒரு விடையும் கிடைத்தது. இக்கட்டுரை நன்னீர் மீன்களையே மையமாகக் கொண்டது. தூத்துக்குடியின் முத்துச்சிப்பி பற்றி இறுதிப் பகுதியில் சுருக்கமாகக் கூறப்படுகிறது.

மும்மடியம் நமக்குப் புதியது அன்று. தாமிரபரணிப் பாசனத்தில் திருவைகுண்டம், ஏரல் பகுதிகளில் விளையும் வாழையை எடுத்துக்கொள்ளலாம். பூவன், ரசுதாளி, நேந்திரன், மொந்தன் ஆகிய யாவும் மும்மடிய வாழைகளே. இப்பழங்களில் விதை இல்லாமைக்கு அவற்றின் மூன்று தொகுதிகள் ஒரு முக்கியக் காரணம் ஆகும். வாழையைக் கன்று நட்டுப் பெருக்கலாம். மீனுக்குக் கன்று கிடையாது. ஆகவே மும்மடிய மீனை ஒவ்வொரு முறையும் புதிதாக உண்டாக்கியே ஆக வேண்டும்.

நிறப்புரித் தொகுதிகள்

விலங்குகளில் பெரும்பாலானவை இருமடியம் உடையவை. அதாவது, தாயிடமிருந்து ஒரு தொகுதியும் தந்தையிடமிருந்து ஒரு தொகுதியும் பெற்றவை. மனிதரில் ஒரு தொகுதிக்கு 23 வீதம் மொத்தம் 46 நிறப்புரிகள் உள்ளன. ரோகு, கட்லா, மிர்கால் ஆகிய இந்தியப் பெருங்கெண்டைகள் மூன்றிலும் 50 நிறப்புரிகள் உள்ளன. ஜிலேபி கெண்டையில் 44.

முட்டையும் விந்தணுவும் உருவாகும்போது ஒடுக்கற்பிரிவு நிகழ்ந்து எண்ணிக்கை பாதியாகக் குறைகிறது. பள்ளி நூல்களில் இதனைக் குன்றல் பகுப்பு என்று படித்திருப்போம். ஜிலேபி கெண்டையின் விந்தணுவில் 22, முட்டையில் 22. கருக்கட்டிய பின் மீண்டும் 44. இதே மீன் மும்மடியமானால் அதன் ஒவ்வோர் உயிரணுவிலும் 66 நிறப்புரிகள் இருக்கும்.

முட்டையில் நிகழும் கணக்கு

மும்மடியத்தை விளங்கிக்கொள்ள மீன் முட்டையின் ஓர் இயல்பை அறிந்திருக்க வேண்டும். தாய்மீன் முட்டையை வெளியிடும் நேரத்தில் அம்முட்டையின் ஒடுக்கற்பிரிவு முழுமை அடைந்திருப்பதில்லை. முதற் பிரிவு முடிந்து, இரண்டாம் பிரிவின் நடுவில் முட்டை நின்றுவிடுகிறது. விந்தணு உள்ளே நுழைந்த பின்னரே அப்பிரிவு தொடர்கிறது. அப்போது முட்டை தன்னிடம் உள்ள இரு தொகுதிகளுள் ஒன்றைச் சிறு பொட்டலம் போலக் கட்டி வெளியே தள்ளுகிறது. இப்பொட்டலம் இரண்டாம் துருவ உடல் எனப்படும். எஞ்சிய ஒரு தொகுதி விந்தணுவின் தொகுதியோடு சேர்ந்து இருமடிய முளையம் உருவாகிறது.

வெதுவெதுப்பான நீரில் வாழும் மீன்களில் இவை அனைத்தும் கருக்கட்டிய சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். அச்சில நிமிடங்களில் முட்டைகளைத் திடீரெனச் சூடான நீரிலோ குளிர்ந்த நீரிலோ சிறிது நேரம் அமிழ்த்தினால், அல்லது மிகுந்த நீரழுத்தத்துக்கு உட்படுத்தினால், நிறப்புரிகளை இழுத்துப் பிரிக்கும் கதிர் இழைகள் குலைந்துபோகின்றன. துருவ உடல் வெளியேறாமல் முட்டைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. தாயின் இரண்டு தொகுதிகளும் தந்தையின் ஒன்றும் சேர்ந்து மூன்றாகின்றன. இங்கு வெளியிலிருந்து எந்த மரபணுவும் புகுத்தப்படுவதில்லை. அம்மீனின் சொந்த மரபுப்பொருளே ஒரு படி கூடுதலாக நிற்கிறது. ஆகையால் மரபணு மாற்றப்பட்ட உயிரினங்களோடு மும்மடிய மீன்களைச் சேர்த்து எண்ணுவது பொருந்தாது.

அதிர்ச்சியை முந்திக் கொடுத்தாலும் பிந்திக் கொடுத்தாலும் பயன் இல்லை. மிகையாகக் கொடுத்தால் முட்டைகள் இறக்கும். குறைவாகக் கொடுத்தால் இருமடிய மீன்களே பிறக்கும். எனவே ஒவ்வோர் இனத்துக்கும் எத்தனையாவது நிமிடத்தில், எவ்வளவு வெப்பத்தில், எவ்வளவு நேரம் என்பதைச் சோதித்தே கண்டறிய வேண்டியுள்ளது. இத்துறையின் ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பகுதி இம்மூன்று எண்களைத் தேடியவையே.

மீனில் செயற்கையாக மும்மடியத்தை உண்டாக்கியதற்கான தொடக்கக்காலச் சான்றாக எச். சுவரூப் 1959 இல் வெளியிட்ட ஆய்வு பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. அவர் முள்முதுகு மீனின் முட்டைகளுக்குக் குளிர் அதிர்ச்சி கொடுத்தார். அக்கட்டுரை வெளிவந்த 'ஜர்னல் ஆப் ஜெனிடிக்ஸ்' இதழ், அதன் ஆசிரியர் ஜே. பி. எஸ். ஹால்டேன் இந்தியாவில் குடியேறியதை அடுத்து, அப்போது கொல்கத்தாவிலிருந்து வெளியாகிக் கொண்டிருந்தது.

மலட்டுத்தன்மைக்குக் காரணம்

ஒடுக்கற்பிரிவில் ஒத்த நிறப்புரிகள் இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்து, பின்னர் ஆளுக்கொரு பக்கம் பிரிகின்றன. மூன்று இருந்தால் சோடி சேர்வது குழம்புகிறது. இரண்டு ஒரு பக்கமும் ஒன்று மறுபக்கமும் செல்லும். எந்தப் பக்கத்துக்கு எது என்பதில் ஒழுங்கு இராது.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் காணலாம். ஜிலேபி கெண்டையின் 22 வகை நிறப்புரிகளுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாணயத்தைச் சுண்டுவதாகக் கொள்வோம். தலை விழுந்தால் இப்பக்கம் ஒன்று. பூ விழுந்தால் இரண்டு. ஒழுங்கான ஒரு தொகுதி கொண்ட பாலணு கிடைக்க வேண்டுமாயின் 22 முறையும் தலையே விழ வேண்டும். அதற்கான வாய்ப்பு 41,94,304 இல் ஒன்று. ஒழுங்கான இரு தொகுதி கொண்ட பாலணுவுக்கும் அதே வாய்ப்புத்தான். ஏனைய பாலணுக்கள் யாவும் சில நிறப்புரிகள் கூடியும் சில குறைந்தும் இருக்கும். அவற்றிலிருந்து உருவாகும் முளையங்கள் பிழைப்பதில்லை. உயிரணுவுக்குள் நடப்பது இவ்வளவு எளிதன்று. எனினும் மும்மடிய மீன் ஏன் மலடாகிறது என்பதற்கு இக்கணக்குப் போதுமானது.

பெண் மீன்களில் இக்குழப்பம் இன்னும் முன்னதாகவே வெளிப்படுகிறது. மும்மடியப் பெண்ணின் சூலகம் பெரும்பாலும் வளர்ச்சியின்றி நூல் போல நின்றுவிடும். ஆண்களிலோ விந்தகம் ஓரளவு வளரும், இயக்குநீர் சுரக்கும், சில இனங்களில் அவை துணையைத் தேடவும் முட்டையிடத் தூண்டவும் செய்யும். பயனுள்ள விந்து மட்டும் இராது. இந்த வேறுபாடு பின்னர் மதுரை ஆய்வில் முக்கியமாகிறது.

மும்மடிய மீன் பெரிதாக வளரும் என்ற கருத்துப் பரவலாக உள்ளது. இது பாதி மட்டுமே சரி. கூடுதல் நிறப்புரிகளால் ஒவ்வோர் உயிரணுவும் பெரிதாகிறது. ஆனால் அதற்கேற்ப உயிரணுக்களின் எண்ணிக்கை குறைந்துவிடுவதால் மீனின் அளவு ஏறத்தாழ மாறுவதில்லை. இளம் பருவத்தில் இருமடிய மீனுக்கும் மும்மடிய மீனுக்கும் வளர்ச்சியில் பெரிய வேறுபாடு காண்பது அரிது. பருவம் எய்திய பின், முட்டை வளர்ப்பதில் செலவாக வேண்டிய ஆற்றல் தசைக்குச் செல்வதாலேயே நன்மை கிடைக்கிறது. மறுபுறம், சால்மன் வகை மீன்களில் மும்மடியங்கள் உயர் வெப்பத்தையும் குறைந்த உயிர்வளியையும் தாங்குவதில் பின்தங்குவதாக அறியப்பட்டுள்ளது. கோடையில் சுண்டிப்போகும் நம் ஊர்க் குளங்களுக்கு இது புறக்கணிக்கத்தக்க செய்தி அன்று.

இயற்கையில் பன்மடியம்

நிறப்புரித் தொகுதிகள் பெருகுவதைப் பாலூட்டிகளின் உடல் பெரும்பாலும் ஏற்பதில்லை. மீன்கள் இதில் மிகவும் நெகிழ்வானவை. சாதாக் கெண்டையிலும் தங்கமீனிலும் ஏறத்தாழ 100 நிறப்புரிகள் உள்ளன. ரோகுவில் உள்ளதைப் போல இது இரு மடங்கு. இமயமலை ஆறுகளிலும் தென்னிந்திய ஆறுகளிலும் வாழும் மாசீர் மீன்களிலும் எண்ணிக்கை 100 ஆகும். இவற்றின் மூதாதையர் ஒரு காலத்தில் நான்மடியம் ஆகி, பின்னர் இருமடியத்தைப் போல ஒழுங்காக இனம் பெருக்கக் கற்றுக்கொண்டவை. சால்மன், ஸ்டர்ஜன் குடும்பங்களும் இத்தகையவையே. இரட்டைப்படையாகப் பெருகினால் சோடி கிடைத்துவிடும். ஒற்றைப்படையில் நின்றால்தான் தொல்லை.

சப்பானிய அறிவியலாளர் சுசுமு ஓனோ 1970 இல் எழுதிய நூலில், மரபணுக்கள் இரட்டிப்பதே புதிய பண்புகள் தோன்ற வழிவகுக்கிறது என்று வாதிட்டார். ஒரு படி பழைய வேலையைச் செய்துகொண்டிருக்க, மற்றப் படி மாற்றங்களை ஏற்றுப் புதிய வேலையைக் கற்றுக்கொள்ளலாம். கணினி நிரல் எழுதுவோர் ஓடிக்கொண்டிருக்கும் கோப்பைத் தொடாமல் நகலில் திருத்தம் செய்து பார்ப்பதை இது ஒக்கும். வேறுபாடு என்னவெனில், இயற்கையில் திருத்தங்களை எவரும் திட்டமிடுவதில்லை.

மும்மடியமாக இருந்துகொண்டே இனம் பெருக்கும் மீன்களும் உண்டு. கிபல் கெண்டை எனப்படும் தங்கமீனின் நெருங்கிய உறவினத்தில், சுமார் 150க்கும் மேற்பட்ட நிறப்புரிகள் கொண்ட பெண்கள் காணப்படுகின்றன. இவை ஒடுக்கற்பிரிவின் சிக்கலையே தவிர்த்துவிடுகின்றன: முட்டையில் எண்ணிக்கை குறைவதில்லை. வேறு மீனின் விந்தணு முட்டையைத் தூண்ட மட்டும் பயன்படுகிறது; அதன் நிறப்புரிகள் சேர்க்கப்படுவதில்லை. பிறப்பவை யாவும் தாயின் நகல்களான பெண்கள். இம்முறை பெண்வழிப் பிறப்பு எனப்படும். முதுகெலும்பிகளில் இது முதன்முதலாக அமேசான் மோலி என்ற சிறு நன்னீர் மீனில் கண்டறியப்பட்டு, 1932 இல் ஹப்ஸ் இணையரால் வெளியிடப்பட்டது. பெயரில் அமேசான் இருந்தாலும் இம்மீன் அந்த ஆற்றைச் சேர்ந்தது அன்று. மெக்சிகோவிலும் டெக்சாசின் தென்பகுதியிலும் வாழ்வது. கிரேக்கக் கதைகளில் வரும் பெண் போர்வீரர் கூட்டத்தின் பெயரே இதற்கு இடப்பட்டது.

ஜிலேபி கெண்டை

தமிழ்நாட்டில் ஜிலேபி கெண்டை அல்லது சிலேபி என்று வழங்கும் மீன், ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மொசாம்பிக் திலாப்பியா ஆகும். திலாப்பியா என்ற சொல்லே மக்கள் வாயில் ஜிலேபியாகத் திரிந்தது போலும். இது 1952 இல் பாங்காக்கிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. மலிவான புரதம் கிடைக்கும் என்பதே நோக்கம். எந்த நீரிலும் வாழும், எதையும் உண்ணும், நன்னீரிலிருந்து உவர்நீர் வரை தாங்கும் என்பன இதன் சிறப்புகளாகச் சொல்லப்பட்டன. அச்சிறப்புகளே பின்னர் குறைகளாக மாறின.

பெண் மீன் கருக்கட்டிய முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கிறது. குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பின்னும் ஆபத்து வந்தால் தாயின் வாய்க்குள் புகுந்துகொள்கின்றன. இதனால் குஞ்சுகளில் பெரும்பகுதி பிழைக்கின்றன. இரண்டு மூன்று மாதங்களிலேயே பருவம் எய்தி, சூடான நீரில் ஆண்டு முழுவதும் மீண்டும் மீண்டும் முட்டையிடுகிறது. குளத்தில் நெருக்கம் மிகும்போது வளர்ச்சி குன்றுகிறதே தவிர இனப்பெருக்கம் நிற்பதில்லை. விரல் நீளமே உள்ள மீன்களும் முட்டையிடுகின்றன. குளத்தின் மொத்த எடை குறைவதில்லை. ஆனால் அவ்வெடை, விலைக்குப் போகாத ஆயிரக்கணக்கான சிறு மீன்களாகப் பிரிந்து கிடக்கிறது.

தாமிரபரணியின் கடைமடைக் குளங்களில் மீன்பாசி குத்தகை எடுப்போர் இதனை நன்கு அறிவர். பணம் கொடுத்து வாங்கிய ரோகு, கட்லா குஞ்சுகளை விட்டால், இரையில் பாதியை அழையாமல் வந்த சிலேபி உண்டுவிடுகிறது. ஒரு மடை திறப்பில் நுழைந்த சில மீன்களே இதற்குப் போதும். வைகை, அமராவதி போன்ற நீர்த்தேக்கங்களிலும் இது பெருகி நிலைகொண்டது. இந்திய மீன்வள ஆய்வுக் குழு 1959 இல் இம்மீனை மேலும் பரப்புவதற்குத் தடை விதித்தது. அதற்குள் அது பரவ வேண்டிய இடங்களுக்கெல்லாம் பரவிவிட்டிருந்தது. நியாயமாகப் பார்த்தால் மறுபக்கமும் சொல்லப்பட வேண்டும்: பெருங்கெண்டை வாங்க இயலாத பல குடும்பங்களின் குழம்பில் விழுந்ததும் இந்த மீன்தான்.

மதுரை ஆய்வுகள்

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டி. ஜே. பாண்டியனின் ஆய்வுக்குழு மீன்களின் பால் நிர்ணயத்தையும் நிறப்புரித் தொகுதிகளையும் மாற்றியமைப்பதில் நெடுங்காலம் உழைத்தது. பாண்டியன் 1984 ஆம் ஆண்டுக்கான சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு பெற்றவர். இவர் கோட்டீசுவரனுடன் எழுதி 1998 இல் வெளிவந்த, மீன்களில் மடிய மாற்றமும் பால் கட்டுப்பாடும் குறித்த நெடிய மீள்பார்வைக் கட்டுரை இத்துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

ஜிலேபி கெண்டையின் சிக்கலுக்கு இக்குழுவைச் சேர்ந்த வரதராஜும் பாண்டியனும் இரு வழிகளில் விடை தேடினர். இரண்டையும் விளங்கிக்கொள்ள, இம்மீனில் மனிதரைப் போலவே எக்ஸ்-எக்ஸ் என்றால் பெண், எக்ஸ்-ஒய் என்றால் ஆண் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். குஞ்சுப் பருவத்தில் இயக்குநீர் கலந்த இரை கொடுத்தால் மரபுவழிப் பால் ஒன்றாக இருக்க, உடல் வேறு பாலாக வளரும்.

முதல் வழி, ஆண்களை மட்டும் பெறுவது. 1989 இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வின் படிகள் பின்வருமாறு. எக்ஸ்-ஒய் குஞ்சுகள் பெண் இயக்குநீரால் பெண்களாக வளர்க்கப்பட்டன. இத்தகைய பெண்ணின் முட்டைகளில் பாதி எக்ஸ் கொண்டவை, பாதி ஒய் கொண்டவை. இம்முட்டைகளைப் புற ஊதாக் கதிரால் மரபுப்பொருள் அழிக்கப்பட்ட விந்தணுவால் தூண்டி, உடனே அதிர்ச்சி கொடுத்துத் துருவ உடலைத் தக்கவைத்தால், தாயின் தொகுதிகள் மட்டுமே கொண்ட இருமடியக் குஞ்சுகள் கிடைக்கும். அவற்றுள் சில எக்ஸ்-எக்ஸ், சில ஒய்-ஒய். பின்னையவை மேலாண் எனப்படுகின்றன. ஒய்-ஒய் ஆணைச் சாதாரணப் பெண்ணோடு சேர்த்தால் பிறப்பவை யாவும் எக்ஸ்-ஒய் ஆண்கள். இக்குஞ்சுகளுக்கு இயக்குநீர் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. உண்ணப்படும் மீன் இயக்குநீரைத் தொடாத மீன் என்பது இம்முறையின் பெரும் நன்மை. அமேசான் மோலி இயற்கையாகச் செய்வதை இங்கு ஆய்வகம் செயற்கையாகச் செய்து ஒரு படியாகப் பயன்படுத்திக்கொண்டது.

இரண்டாம் வழி, பெண்களை மட்டும், அதுவும் மலடாகப் பெறுவது. இதனை அவர்கள் 1990 இல் 'அக்குவாகல்ச்சர்' இதழில் வெளியிட்டனர். இதற்கு எக்ஸ்-எக்ஸ் குஞ்சுகள் ஆண் இயக்குநீரால் ஆண்களாக வளர்க்கப்பட்டன. இவற்றின் விந்தில் எக்ஸ் மட்டுமே இருக்கும். சாதாரணப் பெண்ணின் முட்டைகளை இவ்விந்தால் கருக்கட்டச் செய்து, துருவ உடல் வெளியேறுமுன் அதிர்ச்சி கொடுத்தால் எக்ஸ்-எக்ஸ்-எக்ஸ் கொண்ட மும்மடியப் பெண்கள் பிறக்கும். மும்மடிய ஆண்களை ஒதுக்கிப் பெண்களை மட்டும் தேர்ந்ததன் காரணம் மேலே கூறப்பட்டது: பெண்ணில்தான் இனப்பெருக்க உறுப்பே வளர்வதில்லை.

குளத்துக்கு வராமை

விடை கிடைத்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் மும்மடிய ஜிலேபி கெண்டை நம் குளங்களில் இல்லை. இதற்கான காரணத்தை அம்மீனின் வாயிலேயே காணலாம். ஒரு கிலோ எடையுள்ள ரோகு ஒரே முறையில் இரண்டு மூன்று இலட்சம் முட்டைகளை இடும். வாயில் அடைகாக்கும் ஜிலேபி கெண்டையோ ஒரு முறைக்குச் சில நூறு முட்டைகளே இடும். ஒவ்வொரு பெண்ணும் வெவ்வேறு நாளில் இடும். ஒவ்வொன்றையும் பிடித்து, முட்டையைப் பிதுக்கி எடுத்து, கருக்கட்டச் செய்து, நிமிடம் தவறாமல் அதிர்ச்சி கொடுத்து, தாயின் வாய்க்குப் பதிலாக ஓடும் நீர்க் குடுவையில் பொரிக்க வைக்க வேண்டும். ஆய்வகத்தில் இயன்ற இது, இலட்சக்கணக்கில் குஞ்சு விற்க வேண்டிய பொரிப்பகத்துக்குக் கட்டுப்படியாகாது.

மேலும், திலாப்பியாவில் ஆணே விரைவாக வளர்கிறது. எனவே பண்ணைத்தொழில் உலகெங்கும் ஆண்களை மட்டும் வளர்க்கும் முறையையே தேர்ந்தது. அதிலும் எளிய வழியாக, பொரித்த குஞ்சுகளுக்குச் சில வாரங்கள் ஆண் இயக்குநீர் கலந்த தீவனம் கொடுப்பதே பெரும்பாலும் கையாளப்படுகிறது. தமிழ்நாட்டிலும் அனுமதி பெற்ற பண்ணைகளில் இன்று வளர்க்கப்படுவது மொசாம்பிக் இனம் அன்று. நைல் திலாப்பியாவிலிருந்து தேர்வு முறையில் மேம்படுத்தப்பட்ட கிப்ட் வகையாகும். இப்பண்ணை மீன்கள் மலடு அல்ல. ஆண்கள் மட்டும் என்ற கூட்டத்தில் சில பெண்கள் கலந்திருந்தாலோ, வெள்ளத்தில் மீன்கள் வெளியேறி ஆற்றில் உள்ள உறவினத்தோடு கலந்தாலோ, இனப்பெருக்கம் தொடரும். அணையைத் திறந்தால் பண்ணைக் குளமும் ஆறும் ஒன்றாகும் நாட்டில், மலட்டு மீனின் தேவை தீர்ந்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

முட்டைகள் மிகுதியாகக் கிடைக்கும் இனங்களில் நிலைமை வேறு. நீர்க்களைகளை உண்ணும் புல்கெண்டை 1959 இல் இந்தியாவுக்கும், 1963 இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. அது ஆறுகளில் பெருகிவிடும் என்ற அச்சத்தால் அமெரிக்காவின் பல மாநிலங்கள் இருமடியப் புல்கெண்டையைத் தடை செய்து, மும்மடியத்தை மட்டும் அனுமதித்தன. அங்கு 1980களின் நடுப்பகுதி முதல் மும்மடியப் புல்கெண்டை வணிக முறையில் உற்பத்தியாகிறது. சீனாவின் ஹுனான் மாநிலத்தில் வேறொரு வழி பின்பற்றப்பட்டது. தங்கமீன் இனத்தையும் சாதாக் கெண்டையையும் கலந்து, இனம் பெருக்கும் நான்மடிய மீன் உருவாக்கப்பட்டது. அதனை இருமடிய மீனோடு சேர்த்தால் அதிர்ச்சி ஏதுமின்றியே மும்மடியக் குஞ்சுகள் பிறக்கின்றன. இந்தியாவில் ரோகு மீனில் மும்மடியமும் நான்மடியமும் தூண்டப்பட்ட ஆய்வை ரெட்டி உள்ளிட்டோர் 1990 இல் வெளியிட்டனர்.

சோதித்தறிதல்

பார்வைக்கு மும்மடிய மீனும் இருமடிய மீனும் ஒன்றே. அதிர்ச்சி கொடுக்கப்பட்ட முட்டைகள் அனைத்தும் மும்மடியம் ஆவதில்லை; நூற்றில் சில தப்பிவிடும். அச்சிலவே ஓர் ஆற்றை நிரப்பப் போதுமானவை என்பதால் சோதனை இன்றியமையாதது.

பாலூட்டிகளின் செங்குருதி அணுவில் கரு இல்லை, மீன்களில் உண்டு. மும்மடிய மீனில் இக்கருவின் கனஅளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருக்கும். எனவே ஒரு துளிக் குருதி போதும். கருவிகள் இல்லாத இடத்தில், குருதித் துளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் கருவின் நீளத்தை அளந்தும் ஓரளவு அறியலாம். கல்லூரி ஆய்வகத்தில் செய்யத்தக்க எளிய சோதனை இது. ஐயமற்ற சான்று வேண்டுமாயின் நிறப்புரிகளை எண்ணியே பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மும்மடியப் புல்கெண்டைகள் விற்பனைக்கு முன் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்படுகின்றன. அரசு மீன்துறை அலுவலர்கள் அவற்றுள் ஒரு பகுதியை மீண்டும் சோதித்த பின்னரே சான்று தருகின்றனர்.

இறந்த மீனின் விந்து

நிறப்புரித் தொகுதிகளைக் கையாளும் திறன், இனப்பெருக்கத்தை நிறுத்த மட்டுமன்றி மீட்கவும் பயன்படும். பெண்வழிப் பிறப்புக்கு நேர்மாறானது ஆண்வழிப் பிறப்பு. இதில் முட்டையின் மரபுப்பொருள் கதிர்வீச்சால் அழிக்கப்பட்டு, விந்தணுவின் ஒரே தொகுதி அதிர்ச்சியின் மூலம் இரட்டிக்கப்படுகிறது. பாண்டியனும் எஸ். கிரண்குமாரும் 2004 இல் வெளியிட்ட ஆய்வில், இறந்து உறைநிலையில் வைக்கப்பட்ட ரோசி பார்ப் மீனிலிருந்து விந்தணு எடுக்கப்பட்டு, வேற்றினமான டைகர் பார்ப் மீனின் முட்டையில் செலுத்தப்பட்டது. பிறந்தது ரோசி பார்ப். இவை இரண்டும் வீட்டுத் தொட்டிகளில் வளர்க்கப்படும் சிறு கெண்டைகளே. ஆயினும், மீன் முட்டைகளை உறைய வைத்துப் பாதுகாப்பது இன்னும் கைகூடாத நிலையில், அழிந்துவரும் ஓர் இனத்தை அதன் விந்திலிருந்து மட்டுமே மீட்டெடுக்க இயலும் என்பதை இது காட்டியது. பிறப்பவற்றுள் எக்ஸ்-எக்ஸும் ஒய்-ஒய்யும் இருக்கும் என்பதால் பெண்ணும் ஆணும் கிடைக்கும், இனம் தொடரலாம்.

தூத்துக்குடியும் முத்துச்சிப்பியும்

தமிழ்நாட்டில் மீன்வள அறிவியலைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கும் மீன்வளக் கல்லூரி 1977 இல் தூத்துக்குடியில் தொடங்கப்பட்டது. அந்நகரிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் முத்துச்சிப்பி ஆய்வுக்குப் பெயர் பெற்றது. முத்துக்குளித்துறையில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961 உடன் நின்றுபோயிற்று. அதன் பின், கே. அழகர்சாமி தலைமையில் 1973 இல் தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் வளர்ப்பு முத்து உருவாக்கப்பட்டது. 1981 இல் பொரிப்பகத்தில் முத்துச்சிப்பிக் குஞ்சுகள் பெறப்பட்டன. இதனைத் தொடர்ந்த காலத்தில் மும்மடிய முத்துச்சிப்பியை உண்டாக்கும் ஆய்வுகளும் இங்கு மேற்கொள்ளப்பட்டன.

சிப்பியில் மும்மடியம் தேடப்பட்டதன் காரணம் மீனிலிருந்து வேறானது. இங்கு இனம் பெருகிவிடும் என்ற அச்சம் இல்லை. வளர்ப்பு முத்துக்கான மணியும் மேலுறைத் திசுத் துண்டும் சிப்பியின் இனப்பெருக்கச் சுரப்பியைக் கீறி அதற்குள்ளேயே வைக்கப்படுகின்றன. சுரப்பி முட்டையாலோ விந்தாலோ நிறைந்திருந்தால் கீறியவுடன் அவை பொங்கி வழிந்து வேலையைக் கெடுக்கும், மணியும் நழுவும். ஆகவே சிப்பி முட்டையிட்டு ஓய்ந்த பருவத்துக்குக் காத்திருக்க வேண்டியுள்ளது. சுரப்பி நிறையாத மும்மடியச் சிப்பியில் இக்காத்திருப்புக் குறையும்.

முத்துச்சிப்பியின் நிறப்புரிகள் 28; மும்மடியத்தில் 42. மீன் முட்டையைப் போலன்றி, சிப்பியின் முட்டை ஒடுக்கற்பிரிவின் முதற் கட்டத்திலேயே வெளியிடப்படுகிறது. இரண்டு துருவ உடல்களும் கருக்கட்டிய பின்னரே வெளியேறுகின்றன. எனவே மும்மடியத்தை உண்டாக்க மீனில் ஒரு வாய்ப்பும் சிப்பியில் இரு வாய்ப்புகளும் உள்ளன. சிப்பி இனங்களில் வெப்ப அதிர்ச்சியோடு, உயிரணுப் பிரிவைத் தடுக்கும் சைட்டோகலாசின்-பி என்ற வேதிப்பொருளும் பயன்படுத்தப்பட்டது. அது நச்சுத்தன்மை உடையது. குவோ, ஆலன் ஆகியோர் 1994 இல் பசிபிக் சிப்பியில் பிழைத்து வாழும் நான்மடியங்களைப் பெற்ற பின், அவற்றை இருமடியத்தோடு சேர்த்து வேதிப்பொருள் இன்றியே மும்மடியக் குஞ்சுகளைப் பெறுவது உண்ணும் சிப்பி வளர்ப்பில் வழக்கமாகிவிட்டது.